நிலைக்கதவின் கார்பன் கணக்கு

மும்பையில் பழைய கட்டடம் ஒன்றை இடிக்க வருபவர்கள் சுவரில் கை வைப்பதற்கு முன் கதவில் கை வைப்பார்கள். கிர்காவிலும் பைகுலாவிலும் பரேலிலும் நூறு வயதைத் தொட்ட சால்கள், அதாவது நீள வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள் கொண்ட குடியிருப்புகள், இன்னும் நிற்கின்றன. அவற்றை இடிக்க விலை பேசும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு மாடியாக ஏறி உத்தரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்வார். ஆள் இறங்கியதும் நிலை, கதவு, சன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று கழற்றுவார்கள். பிறகு தளப் பலகை. கூரையைத் தாங்கிய உத்தரமும் சட்டமும் கடைசி. செங்கல்லும் மண்ணும் லாரி ஏறுவதற்குள் மரம் கைமாறியிருக்கும்.

கைமாறிய மரம் ஒரே திசையில் போவதில்லை. நீளமான, புழு அரிக்காத துண்டுகள் ஜோகேஷ்வரி, ஓஷிவாரா பக்கத்துப் பழைய மரச்சாமான் கடைகளுக்கும் தச்சுப் பட்டறைகளுக்கும் போகும். சுமாரானவை குர்லாவிலும் தாராவியிலும் கதவாகவோ, ‘போட்மாலா’ என்று மும்பைக்காரர்கள் சொல்லும் பரண் தளத்தின் பலகையாகவோ மறுபடி வேலைக்குச் சேரும். உடைந்தது, ஆணி துருத்தியது, பெயின்ட் தடித்தது எல்லாம் எடை போட்டு விறகாகும். இந்தக் கடைசி விற்பனையில் விற்பவருக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில ரூபாய்தான். காற்றுக்குப் போகும் பங்கு பெரிது.

மர வியாபாரத்தின் கரித்தடத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். மரம் நடு, லாரி டீசலைக் குறை. இரண்டையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், தாராவியில் பழைய மரம் வாங்கி விற்கும் ஒரு சிறு கடை, மரம் நடாமலேயே அந்த வேலையில் பாதியைச் செய்துகொண்டிருக்கிறது. மீதிப் பாதி எங்கே கெடுகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய இடம்.

முதலில், மும்பையில் இவ்வளவு மரம் வந்தது எப்படி?

இந்த ஊருக்குத் தேக்கோடு உள்ள உறவு பழையது. சூரத்திலிருந்து 1736இல் வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் பரம்பரை, மலபார் தேக்கைக் கொண்டு பம்பாய்த் துறையில் ஆங்கிலேயருக்குக் கப்பல் கட்டியது. 1817இல் இங்கே நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. திருகோணமலையின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பலின் உடம்பில், பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரங்கள் காற்றிலிருந்து இழுத்த கார்பன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் இருக்கிறது.

மலபார்க் காடு தேய்ந்ததும் கண் பர்மாவின் மேல் விழுந்தது. வாலஸ் சகோதரர்கள் 1863இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ‘பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்’. கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாகச் சொல்லி பர்மிய மன்னர் தீபாவின் அரசு 1885இல் இந்த நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் மூன்றாம் பர்மியப் போரைத் தொடங்கி, நாட்டையே பிடித்துக்கொண்டார்கள். மரக்கடைத் தகராறு ஒன்றில் ஓர் அரசனின் முடி போன கதை உலகில் வேறு எங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தப் பர்மாத் தேக்கு ரங்கூனிலிருந்து கப்பல் ஏறி பம்பாயின் சால்களுக்குள் உத்தரமாகவும், செட்டிநாட்டு வீடுகளுக்குள் தூணாகவும் நுழைந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்று வரிசை கட்டியிருக்கும் பழம்பொருள் கடைகளும் மும்பையின் பழைய மரக்கடைகளும் ஒரே காட்டின் மரத்தை விற்றுப் பிழைக்கின்றன.

மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியத்தின் கணக்கில், தெற்கு மும்பையில் பழுதுபார்ப்பு வரி கட்டும் பழைய கட்டடங்கள் தொடக்கத்தில் 19,642. இடிந்தவையும் இடித்தவையும் போக ஆயிரக்கணக்கில் மிச்சம் இருக்கின்றன. மாதுங்கா அவ்வளவு பழையதில்லை. 1896இன் பிளேக்குக்குப் பிறகு உருவான பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்ட புறநகராக வகுத்தது. தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய அந்தத் தெருக்களில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கட்டிய வீடுகளின் தளம் கான்கிரீட்தான். கதவும் சன்னலும் மட்டும் தேக்கு. அவையும் இப்போது மறுகட்டுமானத்துக்காக வரிசையாகக் கழன்று வருகின்றன.

இனி கணக்குக்கு வரலாம். நன்கு காய்ந்த எந்த மரமானாலும் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கரியமில வாயு ஆகும். ஆக, உலர்ந்த மரம் ஒரு கிலோ என்றால் காற்றிலிருந்து எடுத்து வைத்த கரியமில வாயு சுமார் 1.8 கிலோ. ஒரு கன அடி தேக்கில் ஈரம் கழித்தால் ஏறத்தாழ 17 கிலோ மரம் நிற்கும். அதற்குள் அடங்கியது 30 கிலோ கரியமில வாயு. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் கொண்ட ஒரு வாசல் நிலைக்கு இரண்டு கன அடிக்குக் குறையாமல் மரம் வேண்டும். கதவைச் சேர்க்காமல், நிலை மட்டுமே 60 கிலோ வாயுவைக் கட்டி வைத்திருக்கிறது.

பத்து டன் மரம் ஏற்றிய லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் காந்திதாம், வெளிநாட்டு மரம் கப்பலில் வந்து இறங்கி அறுபடும் பெரிய மையம். நியூசிலாந்துப் பைன் மரம் அங்கே அறுபட்டு மும்பைக்கு வர சாலையில் சுமார் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தால் 225 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ வீதம் வெளியாவது 600 கிலோ கரியமில வாயு. அதே பத்து டன் மரத்தை உலர வைத்து எரித்தால் 18 டன். லாரிப் பயணத்தைப்போல முப்பது மடங்கு. பைகுலாவிலிருந்து தாராவிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடிவரும் டெம்போவின் டீசலை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கவே தேவையில்லை.

லாரியை மட்டும் பிடித்துத் தொங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். மர வியாபாரத்தில் பெரிய வாய், அடுப்பின் வாய்.

மும்பையில் அந்த வாய் பெரும்பாலும் பேக்கரியில் இருக்கிறது. பாவ் இல்லாமல் இந்த ஊருக்கு விடியாது. வடா பாவ், பாவ் பாஜி, மிசல் பாவ், கீமா பாவ் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ரொட்டிதான். பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு என்ற அமைப்பு நகரத்துப் பேக்கரிகளை ஆராய்ந்தபோது, சுமார் 47 சதவீதம் பேக்கரிகள் விறகடுப்பில் ஓடுவது தெரிந்தது. ஒரு பேக்கரி நாளுக்குச் சராசரியாக 130 கிலோ விறகு எரிக்கிறது. பெரியவை 250 கிலோவைத் தாண்டும். அந்த விறகில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஆய்வின் முக்கியமான இடம். ஆய்வின்போது வெட்டிய மரத்துண்டு கிலோ 10 முதல் 12 ரூபாய். உடைந்த மேசை, இடித்த வீட்டின் சட்டம், ஒட்டுப்பலகைத் துண்டு என்றால் 4 முதல் 5 ரூபாய். பேக்கரிக்காரர் எதை வாங்குவார் என்று சொல்லவேண்டியதில்லை. பழைய மரத் தொழிலின் கடைசி வாடிக்கையாளர் இப்படித்தான் பாவ் சுடுபவர் ஆனார். 130 கிலோ விறகில் ஒரு நாளில் 200 கிலோவுக்கு மேல் கரியமில வாயு போகிறது. நாம் பார்த்த நிலையின் கணக்கில் மூன்று வாசல்களுக்கு மேல்.

‘விறகுதானே, மரம் மறுபடி வளரும்போது அதே வாயுவை எடுத்துக்கொள்ளும்’ என்று ஒரு வாதம் உண்டு. மூன்று ஆண்டில் மறுபடி வளர்ந்துவிடும் சவுக்குக்கு அது ஓரளவு பொருந்தும். பர்மாக் காட்டுத் தேக்கு வைரம் பாய எண்பது ஆண்டு, நூறு ஆண்டு ஆனது. அது வெட்டப்பட்ட இடத்தில் இன்று தேக்கு நிற்கிறதா என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. பாவ் வெந்து முடியும் அரைமணி நேரத்தில் அந்த நூறு ஆண்டும் புகைபோக்கி ஏறிவிடுகிறது.

புகையில் கார்பன் மட்டும் இல்லை என்பதும் சேர்த்துக் கவனிக்க வேண்டியது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். ஒட்டுப்பலகையில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. மேலே ஒட்டிய மைக்கா தகடு பிளாஸ்டிக் பிசினால் ஆனது. இவை எரியும் அடுப்புக்கு அடுத்த சுவரில் வீடுகள் இருக்கின்றன.

காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் தந்தூர்க் கடைகளும் ஆறு மாதத்துக்குள் எரிவாயு, மின்சாரம் போன்ற தூய எரிபொருளுக்கு மாறவேண்டும் என்று உத்தரவிட்டது. மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. பழைய இரானி பேக்கரிகள் ருசி போகும் என்றன, செலவு தாங்காது என்றன. ருசியைப் பற்றிய வாதத்தில் இக்கட்டுரை தலையிடாது. செலவைப் பற்றிய வாதம் நியாயமானது: செங்கல் அடுப்பை உடைத்து மின் அடுப்பு வைக்க சிறு பேக்கரிக்காரருக்குக் கடன் வேண்டும்.

மாறினால் கார்பன் குறையுமா? குறையும், ஆனால் நினைத்த அளவுக்கு உடனே குறையாது. செங்கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி சுவரைச் சூடாக்கவும் புகைபோக்கி வழியே போகவும் செலவாகிறது. எரிவாயுவில் வீணாவது அதைவிடக் குறைவு. மின் அடுப்பில் இன்னும் குறைவு. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? செம்பூரை அடுத்த மாஹுலில் கடலோரம் நிற்கும் டிராம்பே அனல்மின் நிலையம் 1956 முதல் மும்பைக்கு விளக்கு ஏற்றுகிறது. அங்கே நிலக்கரியும் எரிகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. கூரையில் சூரியத் தகடு வைக்காத மின் பேக்கரியின் புகை, செம்பூர்க்காரரின் மூக்குக்கு இடம் மாறுகிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. முழுப் பொய் இல்லை.

மரக்கடையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. நாளுக்கு நூறு கிலோவாக வாங்கிக்கொண்டிருந்த பேக்கரி நிறுத்திவிட்டால் உடைந்த மரம் எங்கே போகும்? கேட்பாரில்லாத மரம் குப்பை மேட்டுக்குப் போகும். செம்பூருக்குக் கிழக்கே, கோவண்டியை ஒட்டிய தேவ்னார் குப்பைமேடு 1927 முதல் இருக்கிறது. 2016 ஜனவரி இறுதியில் அது பற்றி எரிந்தபோது புகையை விண்வெளிச் செயற்கைக்கோள் படம் பிடித்தது. செம்பூர் வரை பள்ளிகளை மூடினார்கள். குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகும் மரம் மீத்தேனாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல இருபத்தேழு மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும் வாயு. அடுப்பை மூடிவிட்டு மரத்தைக் குப்பைக்கு அனுப்பினால் நகரம் ஒன்றும் ஜெயித்ததாகாது.

ஜெர்மனி இதற்கு ஒரு வழி கண்டது. 2003இல் அமலுக்கு வந்த பழைய மரச் சட்டத்தில் மரத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். தொடாத மரம் முதல் வகை. பெயின்டும் பசையும் பட்ட, ஆனால் நச்சு குறைந்தது இரண்டாவது. பி.வி.சி. ஒட்டியது மூன்றாவது. ரயில்வே ஸ்லீப்பர், மின்கம்பம்போல மருந்து ஏற்றிய மரம் நான்காவது. எந்த வகையை அரைத்துப் பலகையாக்கலாம், எதை வடிகட்டி பொருத்திய உலையில் மட்டும் எரிக்கலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. இத்தாலியில் போ நதிக்கரை ஊரான வியாதானாவில் ஒரு குழுமம் முழுக்க முழுக்கப் பழைய மரத்தை அரைத்துத் துகள்பலகை செய்கிறது.

தாராவிக்கு இந்தப் பிரிக்கும் வேலை புதிதா என்ன? பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறத்தாலும் ஒலியாலும் கொளுத்திப் பார்த்த வாசனையாலும் வகை பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தில் இந்த அறிவு இருந்தாலும், கீழ்வகைக்கு விலை ஒன்றே என்பதால் யாரும் பிரிப்பதில்லை. பெயின்ட் பட்டதற்கும் படாததற்கும் பேக்கரி ஒரே காசு கொடுத்தால், பிரிப்பவருக்கு என்ன லாபம்? பிரித்த சுத்தமான துண்டைத் துகள்பலகை ஆலையோ, தூளை அழுத்தி மாத்திரை விறகு செய்பவரோ கூடுதல் விலைக்கு வாங்கும்போதுதான் அந்தக் கை மறுபடி வேலை செய்யும். தைப்பொங்கலன்று தாராவி 90 அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றும் பெண்கள், பெயின்ட் பட்ட கட்டையை ஒதுக்கி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைப்பாட்டின் முதல் பாடம் புரியும்.

பிரிக்கும்போது கவனிக்க இன்னொன்று உண்டு. துறைமுகம் உள்ள ஊரில் சரக்குப் பெட்டிகளோடு வரும் பைன் பேலட்டுகள் மலிவு என்பதால் கட்டிலாகவும் அலமாரியாகவும் மறுபிறவி எடுக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை சுட்டிருக்கும்: கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் குறி, பிறகு இரண்டு ஆங்கில எழுத்து. ‘ஹெச் டி’ என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரைமணி சூடேற்றியது, பயமில்லை. ‘எம் பி’ என்றால் மெத்தில் புரோமைடு வாயுவில் புகையூட்டியது. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. அப்படிப்பட்ட பலகையைக் குழந்தையின் கட்டிலுக்குப் போடாமல் இருப்பது நல்லது.

இப்போது புது மரம். பழையதை மட்டும் வைத்து ஒரு நகரம் கதவு போட முடியாது.

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘படேல் சா மில்’ என்ற பலகை கண்ணில் படும். கட்ச் பகுதியின் படேல்கள் இந்தியா முழுக்க மரத்தொழிலில் கால் ஊன்றியவர்கள். மும்பை ரே ரோடு மரச்சந்தையிலும் அவர்களே. இந்தத் தொழிலை ஒரே நாளில் உலுக்கிய வழக்கு பிறந்தது நீலகிரியில். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுக்கக் காட்டில் அரசு அனுமதித்த திட்டமில்லாமல் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அறுவை ஆலைகளுக்கு உரிமம் கெடுபிடியானது.

அதற்கு முன்பே, 1993இல், மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரமே கூடாது என்று தடை போட்டிருந்தது. காட்டைக் காக்க நினைத்தார்கள்; மரத்தின் இடத்தில் இரும்பும் அலுமினியமும் வந்து உட்கார்ந்தன. நிலக்கரி மின்சாரத்தில் உருக்கும் நாட்டில் ஒரு கிலோ புது அலுமினியத்துக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியாகும். 27 ஆண்டு கழித்து 2020இல் அந்தத் தடையை விலக்கினார்கள். மாதுங்காவில் தேக்குச் சன்னலைக் கழற்றிவிட்டு நகரும் அலுமினியச் சன்னல் போடும் வீட்டுக்காரர் தெரியாமல் இந்தத் தடையின் காலத்துக்குத் திரும்பிப் போகிறார். கீல் துருப்பிடித்ததற்காகத் தேக்கைத் தூக்கி எறிவது, கார்பனை விடுங்கள், காசுக்கும் நஷ்டம். இழைத்து, புதுக் கீல் போட்டு, மெழுகு பூசினால் அந்தச் சன்னல் இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும்.

புது மரம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எங்கிருந்து வாங்குவது? மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. 2021இன் ராணுவ ஆட்சிக்குப் பிறகு அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டன. ‘புது பர்மாத் தேக்கு’ என்று யாராவது இன்று விற்றால், அதன் வழியைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. மகாராஷ்டிரத்திலேயே சந்திரபூர், கட்சிரோலிக் காடுகளின் தேக்கு உண்டு. அயோத்திக் கோவில் கதவுகளுக்கு 2023இல் போனது பல்லார்பூரில் அறுத்த தேக்கு.

காட்டை விடுத்து வயலிலிருந்து வரும் மரமும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி விவசாயிகளையும் ஆலைகளையும் ஒப்பந்தத்தில் இணைத்து மலைவேம்பையும் சவுக்கையும் வயலுக்குக் கொண்டுவந்தது. கேரளத்தின் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரம் ஒட்டுப்பலகையாகிறது. ரப்பர் மரத்தை முன்பு விறகாக எரித்தார்கள். மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் முறை வந்ததும் அது மேசை நாற்காலி ஆனது. எரிய இருந்த மரம் ஒன்று அறைகலனாக மாறி வியாபாரத்தின் கணக்கையே புரட்டிப் போட்ட உதாரணம் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

ஆலைக்குள் குறைக்க என்ன இருக்கிறது? அறுவை மரத்தில் அதிக ஆற்றல் குடிப்பது உலர்த்தும் அறை. பச்சை மரத்தின் நீரை வெளியேற்றச் சூடு வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையமும் பெங்களூரு மர அறிவியல் நிறுவனமும் இதற்கு வெயிலில் இயங்கும் உலர்த்தும் அறைகளை வடிவமைத்தன. மும்பையின் நான்கு மாத மழையில் வெயிலை நம்பி மட்டும் தொழில் நடத்த முடியாது என்பதும் உண்மை. பழைய மரத்துக்கு இந்தச் செலவே இல்லை. அது ஒரு நூற்றாண்டாகக் காய்ந்துதான் வருகிறது. ஆணியை ஒழுங்காகப் பிடுங்கவில்லையென்றால் ரம்பம் உடையும், அவ்வளவுதான். ரம்பத்தின் தடிமனும் பேசும். தடித்த வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் ஐந்தாறு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பட்டை ரம்பம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும். அங்குலப் பலகைகளாக அறுக்கும் கட்டையில் இந்த வித்தியாசம் ஆறு பலகைக்கு ஒரு பலகை மிச்சமாகக்கூடியது.

நகரத்தின் உயிர் மரங்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பு இல்லை என்று நினைக்கவேண்டாம். மும்பை மாநகராட்சிக் கணக்கெடுப்பில் மரங்கள் 29 லட்சத்து 75 ஆயிரம். 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மரத்தை வெட்ட மாநகராட்சியின் மர ஆணையத்திடம் அனுமதி வேண்டும். காற்று அனுமதி கேட்பதில்லை. 2021 மே மாதம் டவ்தே புயல் கடந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. மாதுங்கா ஐந்து பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள், செம்பூரின் உள் தெருக்களில் கூரை போட்டு நிற்கும் குல்மோகர் என்று எதுவானாலும், வேரைச் சுற்றி சிமென்ட் பூசினால் முதல் பெருங்காற்றில் விழும். சிமென்ட்டை ஓரடி உடைத்து விட்டாலே நாற்பது வயது மரம் நிற்கும்; அது நிற்பதற்கு ஈடாக எத்தனை நாற்று நட்டாலும் அடுத்த இருபது ஆண்டுக்கு ஈடு வராது.

விழுந்த மரம்? தூங்குமூஞ்சியின் உள்மரம் கரும்பழுப்பில் அழகான வரி கொண்டது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் அதைக் கடைந்து கிண்ணமும் தட்டும் செய்து உலகத்துக்கு விற்கிறார்கள். இங்கே துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றினால் போதும் என்ற அவசரம். அடிமரத்தை நீளமாக அறுத்தால் அதே பூங்காவுக்கு இருக்கை கிடைக்கும். கிளையை அரைத்துச் செடிகளின் வேரில் பரப்பினால் ஈரம் காக்கும். மாநகராட்சி மயானங்களில் ஒரு சடலத்துக்கு 300 கிலோ விறகு இலவசமாகக் கொடுக்கிறார்கள்; அந்த இடத்துக்குச் சக்கையை அழுத்திச் செய்த கட்டிகளைக் கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. இந்தக் கட்டிகளுக்குக் கிளையும் தூளும் நல்ல மூலப்பொருள்.

மும்பை 2022 மார்ச்சில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. 2019இல் நகரத்தின் உமிழ்வு 2.34 கோடி டன். அதில் 72 சதவீதம் கட்டடங்களும் தொழிலும் பயன்படுத்தும் ஆற்றலிலிருந்து. இடிபாட்டுக் கழிவுக்குத் தானே பக்கத்து ஷில்பாட்டாவிலும் தஹிசரிலும் நாளுக்கு 600 டன் அரைக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அவை கான்கிரீட்டுக்கானவை. மரத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்து வந்தவை பழைய மரக்கடைகள்.

அந்தக் கடைகளில் பல இருக்கும் தாராவியே இப்போது மறுகட்டுமானத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டரை சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில் இருக்கும் அத்தனை பரணும் கதவும் ஏணியும் கழன்று வரும் நாள் தூரத்தில் இல்லை. இடிக்கும் ஒப்பந்தத்தில் மரத்தைத் தனியாக எடை போட்டு, வகை பிரித்து, கணக்குக் காட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. சிக்கல் இடத்தில் இருக்கிறது. திட்டத்தில் தகுதியுள்ள கடைகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 225 சதுர அடி வரை. பதினைந்துக்குப் பதினைந்து அறை என்று வைத்துக்கொண்டால், ஒரு சாலின் பதினெட்டடி உத்தரத்தை மூலைக்கு மூலை சாய்த்தால்தான் உள்ளே படுக்கும். அதுவும் ஒன்றே ஒன்று. கடைக்காரர் வெளியில் நிற்கவேண்டியிருக்கும்.